டேனரிக் கழிவுநீருக்கு 3டி பிரிண்டரில் ரியாக்டர்: வேலூர்ப் பக்கம் தொடங்குபவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி எந்தப் பக்கம் போனாலும் டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரைப் பற்றிய கவலை இருக்கிறது. 3டி பிரிண்டர் விலை இறங்கியதிலிருந்து நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு யோசனை வருகிறது: நாமே ஒரு சின்ன ரியாக்டரை (வேதிவினை நடக்கும் கலத்தை) அச்சடித்து இந்தத் தண்ணீரை அதில் ஓட்டிப் பார்த்தால் என்ன? நல்ல யோசனைதான், செய்யவும் முடியும். ஆனால் தண்ணீரை யாரிடம் கேட்பது, எந்தப் பிளாஸ்டிக் தாங்கும், லேப் ரிப்போர்ட் ஏன் தாறுமாறாக வருகிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகத் தேடி அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலிலேயே ஒன்று. இந்த வேலையில் பிரிண்டர் ஓடும் நேரம் மிகக் குறைவு. தண்ணீருக்கு அனுமதி, பரிசோதனைக்கூடத்துக் காத்திருப்பு, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, இவைதான் மாதங்களை எடுத்துக்கொள்ளும். பிரிண்டர் வாங்கிவிட்டு அப்புறம் என்ன அச்சடிக்கலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

1. எந்தத் தண்ணீர், எந்த வினை

டேனரியிலிருந்து வருவது ஒரே வகைக் கழிவுநீர் கிடையாது. தோலை ஊறவைக்கும்போது வருவது உப்புத் தண்ணீர். சுண்ணாம்பு போட்டு முடி நீக்கும்போது வருவதில் சல்பைடு இருக்கும், பிஎச் (அமில-கார அளவு) 12-ஐ ஒட்டி நிற்கும். குரோம் டிரம்மிலிருந்து வருவது அமிலத்தன்மை உள்ளது, குரோமியம் நிறைந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த மூன்றையும் தொடவே வேண்டாம். உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து, இரண்டாம் தெளிவுத் தொட்டியிலிருந்து வழிந்து வரும் தண்ணீரைக் கேளுங்கள். பழுப்பு நிறம் இருக்கும், நுண்ணுயிர்களால் தின்ன முடியாமல் மிஞ்சிய கரிமப் பொருள் இருக்கும். வேதிவினை ரியாக்டருக்கு வேலை இருப்பது அங்கேதான். நம் பக்கத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இதற்கு அடுத்து ஆர்ஓ (சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் முறை) வருகிறது. மிஞ்சிய கரிமப் பொருள் அந்தச் சவ்வுகளை அடைத்துவிடும் என்பதால், இந்த இடத்தில் சிஓடியை (தண்ணீரில் உள்ள கரிமப் பொருளை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவை) குறைப்பது அவர்களுக்கும் உண்மையிலேயே பயன்படும்.

ஏன் மற்றவை வேண்டாம் என்கிறேன்? சல்பைடு உள்ள தண்ணீரில் அமிலம் சேர்த்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அப்புறம் ஆள் சுருண்டு விழுவதுதான். டேனரித் தொட்டியில் இறங்கியவர்கள் இறந்துபோன செய்தி நம் ஊருக்குப் புதிதல்ல. குரோமியம் இன்னொரு வகை ஆபத்து. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதன் மேல் வலுவான ஆக்சிஜனேற்றியைப் போட்டால், குறிப்பாகக் காரத்தன்மையில், அது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம். சுத்தம் செய்யப்போய் விஷத்தை உண்டாக்கிவிடக் கூடாது.

வினைக்கு ஃபென்டன் முறையைச் சொல்வேன். பிஎச் 3 அளவில் ஃபெரஸ் சல்பேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற தீவிரமாக வினைபுரியும் துகள் உண்டாகி கரிமப் பொருளை உடைக்கும். விளக்கு வேண்டாம், அழுத்தம் வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம். ஆனால் இது டிடிஎஸ்-ஐ, அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவை, குறைக்காது. அமிலம், காரம், இரும்பு உப்பு எல்லாம் சேர்வதால் கொஞ்சம் கூட்டத்தான் செய்யும். “உப்பும் போகுமா?” என்று டேனரிக்காரர்கள் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். போகாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

2. கடிதங்களை முதல் வாரத்திலேயே கொடுங்கள்

தண்ணீர் மாதிரி எடுக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் மேலாளருக்கு ஒரு கடிதம் வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து, கல்லூரி முத்திரை, உங்கள் அடையாள அட்டை நகல். கடிதத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும்: எத்தனை லிட்டர் (ஒரு முறைக்கு 20 லிட்டர் தாராளம்), எந்த இடத்திலிருந்து, எதற்காக, சோதனை முடிந்த தண்ணீரையும் சேற்றையும் என்ன செய்வீர்கள். நிலையத்தின் பெயரை அனுமதி இல்லாமல் எங்கும் வெளியிட மாட்டோம் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். பாலாற்று மாசு வழக்கில் 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு இங்கே எல்லோரும் கூடுதல் கவனமாக இருக்கிறார்கள். “சும்மா ஒரு கேன் தண்ணி குடுங்கண்ணா” என்று வாசலில் போய் நின்றால் கிடைக்காது. கிடைத்தாலும் அதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

பதில் வரச் சில வாரங்கள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், பலர் தொழுகைக்குப் போயிருப்பார்கள். பக்ரீத்தை ஒட்டிய நாட்களில் யாருக்கும் நேரம் இருக்காது.

ரியாக்டரை நிலையத்துக்குள்ளேயே வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்த நிலையம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையின்படி நடக்கிறது. நீங்கள் புதிதாக ஒரு வெளியேற்றப் பாதையை உண்டாக்கிவிடக் கூடாது. ரியாக்டரிலிருந்து வருவதை நடுநிலையாக்கி, அவர்களுடைய சமன்செய்யும் தொட்டிக்கே திருப்பி அனுப்புவதாக எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரியால் அவர்கள் தயக்கம் பாதி குறையும்.

பிஎச்-ஐ 3-க்கு இறக்கக் கந்தக அமிலம் தேவை, அதை வாங்கவும் ஆவணம் வேண்டும். 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து புகைப்பட அடையாளமும் வாங்கும் காரணமும் இல்லாமல் கடையில் தர மாட்டார்கள். ஆதார் நகலோடு துறையின் கடிதத்தையும் எடுத்துப் போங்கள்.

3. வடிவமைக்கும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள்

என்ஏபிஎல் (பரிசோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள பரிசோதனைக்கூடமாகப் பாருங்கள். பிஎச், சிஓடி, பிஓடி (நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), டிடிஎஸ், குளோரைடு, மிதக்கும் திடப்பொருள், சல்பைடு, மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம். இந்தப் பட்டியலில் எதையும் விடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நீர்நிலைகளில் விடுவதற்கான பொது வரம்புகள் லிட்டருக்கு மில்லிகிராமில்: சிஓடி 250, பிஓடி 30, மொத்தக் குரோமியம் 2, ஆறு இணைதிறன் குரோமியம் 0.1, சல்பைடு 2. நம் மாநிலத்தில் டிடிஎஸ்-க்கு 2100.

மாதிரி எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிஓடி பாட்டிலில் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து குளிரில் வைக்க வேண்டும் (சல்பைடு இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் வெளியே, காற்றோட்டத்தில் மட்டும் விடுங்கள்). மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமிலமே விடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். ஒரே கேனில் பிடித்து அனுப்பினால் ஒன்று சரியாக வரும், மற்றதெல்லாம் வீண். லேப்பிலேயே பாட்டில் கேளுங்கள், அவர்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். மே மாத வேலூர் வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் பைக்கில் கொண்டுபோன மாதிரியை அளந்து என்ன பயன்?

குளோரைடு அளவைத் தனியாகக் குறித்து லேப்புக்குச் சொல்லுங்கள். டேனரித் தண்ணீரில் உப்பு மிக அதிகம், அது சிஓடி எண்ணைக் கூட்டிக் காட்டும். அவர்கள் மெர்குரிக் சல்பேட் அளவை அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதே குளோரைடு ஃபென்டன் வினையிலும் ராடிக்கலைத் தின்றுவிடும். கட்டுரைகளில் சொல்லும் சதவீதம் உங்களுக்கு வராமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

4. எந்தப் பிளாஸ்டிக்

பிஎல்ஏ வேண்டாம். 60 டிகிரியை ஒட்டி மென்மையாகிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே வளைந்துபோகும். அமிலத்திலும் காரத்திலும் மெல்ல மெல்ல உடையும். பிஇடிஜி அச்சடிக்கச் சுலபம். பிஎச் 3-ஐயும் நீர்த்த பெராக்சைடையும் சில வாரச் சோதனைக்குத் தாங்கும், ஆனால் வலுவான காரத்தில் கெட்டுவிடும். ஆகவே காரம் சேர்க்கும் வேலையை ரியாக்டருக்கு வெளியே வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பாலிபுரொப்பிலீன்தான். வேதிப்பொருளைத் தாங்குவதில் நம் பட்ஜெட்டுக்குள் அதை அடிக்க ஆளில்லை, அச்சடிப்பதுதான் தொல்லை.

ரெசின் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் ஆசைப்படுவீர்கள், ஏனென்றால் நுணுக்கம் அழகாக வரும், கசிவும் குறைவு. ஆனால் முழுதாக இறுகாத ரெசின் தண்ணீருக்குள் கரைந்து வரும், அதுவே சிஓடியாகக் காட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, புற ஊதா ஒளியில் முழுதாக இறுக்கி, பிறகு 7-ஆம் படியில் சொல்லும் வெறும் தண்ணீர்ச் சோதனையில் தேறினால் மட்டும் பயன்படுத்துங்கள்.

5. வடிவமைப்பு

முதல் ரியாக்டர் 300 மில்லிலிட்டர் போதும். உள்விட்டம் 6 செ.மீ., உயரம் 10.6 செ.மீ. உள்ள உருளை ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். நிமிடத்துக்கு 5 மில்லி விட்டால் தண்ணீர் உள்ளே 60 நிமிடம் தங்கும், ஃபென்டனுக்கு அது போதுமான நேரம். கீழிருந்து மேலே ஓடட்டும். பெராக்சைடு சிதையும்போது ஆக்சிஜன் குமிழி வரும், அது மேலே ஏறித் தப்பிக்க வழி வேண்டும். உச்சியில் ஒரு காற்றுத் துளையைக் கட்டாயம் வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மூடிய பாத்திரத்தில் பெராக்சைடு வினையை ஓட்டாதீர்கள், வெடிக்கும்.

உள்ளே கலக்கும் அமைப்புக்குப் பெரிய மென்பொருள் அறிவு தேவையில்லை. ஸ்லைசரில் (வடிவத்தை அடுக்குகளாகப் பிரித்துப் பிரிண்டருக்குத் தரும் மென்பொருளில்) ஓர் உருளையை எடுத்து, சுவர், மேல்தளம், கீழ்த்தளம் மூன்றையும் பூஜ்ஜியமாக்கி, உள்நிரப்பை கைராய்டு 10 சதவீதம் என்று வைத்தால் ஒன்றோடொன்று இணைந்த வளைவுப் பாதைகள் கொண்ட ஒரு துண்டு கிடைக்கும். தண்ணீர் அதில் பிரிந்து பிரிந்து சேரும். இடைவெளி 4 மி.மீட்டருக்குக் குறைய வேண்டாம், நம் தண்ணீரில் மிதக்கும் துகள் அடைத்துவிடும். இந்தத் துண்டும் இடம் பிடிக்கும் என்பதால், உண்மைக் கொள்ளளவைத் தண்ணீர் நிரப்பி எடைபோட்டு எடுங்கள். கணினி காட்டும் எண்ணை நம்பித் தங்கும் நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

இணைப்புகளுக்கு மரையை அச்சடிக்க முயலாதீர்கள், கசியும். வேலூரில் எந்த வாட்டர் ஃபில்டர் கடையிலும் ஆர்ஓ மெஷினுக்கான கால் இஞ்ச் பிளாஸ்டிக் இணைப்புகளும் குழாயும் கிடைக்கும், விலையும் மலிவு. துளையை மட்டும் அச்சடித்து, மரை வெட்டி, டெஃப்ளான் டேப் சுற்றி இறுக்குங்கள். பித்தளை இணைப்பு கூடவே கூடாது. பிஎச் 3-இல் அது அரிக்கும், கரைந்து வரும் தாமிரம் பெராக்சைடைச் சிதைத்து உங்கள் முடிவையே மாற்றிவிடும்.

6. அச்சடித்தல்

0.4 மி.மீ. நாஸில் (பிளாஸ்டிக் வழியும் முனை), 0.2 மி.மீ. அடுக்கு, சுவருக்கு 4 மி.மீ. முழுக்கக் கெட்டியாக, ஃபிலமென்ட் (பிளாஸ்டிக் இழை) ஓட்டத்தை 3 முதல் 5 சதவீதம் கூட்டி வையுங்கள். பாலிபுரொப்பிலீன் சாதாரணத் தளத்தில் ஒட்டாது. பார்சல் ஒட்டும் டேப் இருக்கிறதே, அதுவும் பாலிபுரொப்பிலீன்தான், அதைத் தளத்தில் ஒட்டி அதன் மேல் அச்சடித்தால் பிடித்துக்கொள்ளும். அகலமான பிரிம் (அடியைச் சுற்றி அச்சாகும் மெல்லிய விளிம்பு) கொடுங்கள், பிரிண்டரை மூடி வையுங்கள், சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள். கோடையில் அந்த அறையில் இருக்க முடியாது என்பதால் இரவில் ஓட்டுவது உத்தமம்.

கரன்ட் போனால்? பிரிண்டர் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருந்தாலும், நின்ற அடுக்கில் ஒட்டு பலவீனமாக இருக்கும், அங்கேதான் கசியும். அந்தத் துண்டை ரியாக்டராக்காதீர்கள். யுபிஎஸ் இல்லாமல் நீண்ட அச்சைத் தொடங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிஇடிஜி ஈரம் குடித்துவிடும், 65 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பிரிண்டர் இல்லாதவர்கள் வெளியே கொடுத்து அச்சடிக்கலாம். பலர் பாலிபுரொப்பிலீனை எடுக்க மாட்டார்கள், பிஇடிஜி எடுப்பார்கள். ரியாக்டர் உடலுக்கு “100 சதவீத உள்நிரப்பு, தண்ணீர் கசியக் கூடாது” என்று எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் எடையைக் குறைக்க 20 சதவீதத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள், வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

7. கழிவுநீரை விடும் முன் மூன்று சோதனைகள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கசிவு: 2 மீட்டர் உயரத்தில் வாளியைக் கட்டி, குழாய் வழியாக ரியாக்டரில் தண்ணீரை நிறுத்தி ஓர் இரவு விடுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்தால் சொட்டு விழுந்த இடம் காலையில் தெரியும். காற்றடித்துச் சோதிக்க வேண்டாம், உடைந்தால் சில்லு தெறிக்கும்.

வெறும் தண்ணீர்: காய்ச்சி வடித்த தண்ணீரை பிஎச் 3-க்குக் கொண்டுவந்து, நீங்கள் போடப்போகும் அளவு பெராக்சைடும் சேர்த்து, ரியாக்டருக்குள் 24 மணி நேரம் சுற்றவிட்டு, மிஞ்சிய பெராக்சைடை நீக்கியபின் சிஓடி பாருங்கள். கண்ணாடிக் குடுவையில் அதையே செய்ததை விட எண் கூடினால் உங்கள் பிளாஸ்டிக் கரைகிறது என்று பொருள்.

ஓட்டம்: நல்ல தண்ணீரை நிமிடத்துக்கு 5 மில்லி ஓடவிட்டு, உப்புக் கரைசலை ஊசியால் 5 மில்லி நுழைவாயிலில் செலுத்தி, வெளியே வரும் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். 60 நிமிடம் தங்க வேண்டிய உப்பு 20-ஆவது நிமிடத்திலேயே உச்சத்துக்கு வந்தால் தண்ணீர் குறுக்குவழியில் ஓடுகிறது. நுழைவாயிலை மாற்றி மறுபடி அச்சடியுங்கள். இப்படி நினைத்த நேரத்தில் மாற்றி அச்சடிக்க முடிவதுதான் 3டி பிரிண்டரின் உண்மையான லாபம்.

8. ஓட்டுவது

1 கிராம் சிஓடிக்குக் கணக்குப்படி 2.125 கிராம் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அதில் பாதியிலிருந்து தொடங்கி ஏற்றிப் பாருங்கள். இரும்பை பெராக்சைடு எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குள் வையுங்கள். இரும்பும் அமிலமும் கலந்த தண்ணீர் ஒரு பம்பில், பெராக்சைடு இன்னொரு பம்பில், இரண்டும் ரியாக்டருக்குள்தான் சந்திக்க வேண்டும். 30 சதவீதப் பெராக்சைடே தோலைச் சுடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் திறக்காதீர்கள். 50 சதவீத கேன் மலிவாகக் கிடைக்கிறது என்று அதற்குப் போக வேண்டாம்.

வெளியே வந்ததை வாளியில் பிஎச் 8-க்கு ஏற்றி ஓர் இரவு விடுங்கள், இரும்பு செம்பழுப்புச் சேறாக அடியில் தங்கும். லேப்புக்கு அனுப்பும் முன் பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா என்று சோதனைத் தாளால் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால் அதுவே ஏறக்குறைய 235 மில்லிகிராம் சிஓடியாகக் காட்டும். உங்கள் ரியாக்டர் நன்றாக வேலை செய்தும் ரிப்போர்ட்டில் தோற்றதுபோல் தெரியும். அதைக் கொல்ல சோடியம் சல்ஃபைட்டை அள்ளிப் போடுவதும் தவறு, மிஞ்சும் சல்ஃபைட்டும் சிஓடியாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஆறு இணைதிறன் குரோமியம் பாருங்கள். பெராக்சைடு மிச்சம் இருக்கும்போது காரம் சேர்த்தால் அது உருவாக வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று, இதை விடாதீர்கள்: அதே தண்ணீர், அதே மருந்து அளவு, அதே நேரம், சாதாரணக் கண்ணாடிக் குடுவையில் கலக்கி ஓட்டி அதன் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். குடுவையும் ரியாக்டரும் ஒரே முடிவைத் தந்தால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நம் பகுதிக்கு வேண்டியது உண்மையான எண்கள்.

சேற்றைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். குரோமியம் கலந்த சேறு அபாயகரமான கழிவு விதிகளுக்குள் வரும். கடிதத்தில் எழுதியபடி நிலையத்துக்கே திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

9. செலவும் காலமும்

நான் விசாரித்த விலைகளில் பிஇடிஜி ஒரு கிலோ ரோல் ஏறக்குறைய 1,000 ரூபாய், பாலிபுரொப்பிலீன் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஒரு ரியாக்டருக்கு 130 முதல் 180 கிராம்தான் ஆகும். சின்ன பெரிஸ்டால்டிக் பம்ப் (குழாயை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுவது) இரண்டு, குழாய், இணைப்புகள், டிடிஎஸ் மீட்டர் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரங்கள். மிச்சப் பணமெல்லாம் லேப்புக்கு. ஒவ்வொரு நிலையையும் மூன்று முறை ஓட்டினால்தான் நம்புவார்கள், மாதிரிகளின் எண்ணிக்கை சட்டென்று ஏறும். அதனால் சிஓடியைக் கல்லூரியிலேயே பார்த்துக்கொண்டு, முக்கியமான மாதிரிகளை மட்டும் வெளி லேப்புக்கு அனுப்புங்கள். கல்லூரிப் பணம் என்றால் மூன்று கொட்டேஷனும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் கணக்குத் தீராது, வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் தொடங்கும் செமஸ்டர் ப்ராஜெக்ட் என்றால் தண்ணீருக்கான கடிதம் நவம்பரிலேயே போயிருக்க வேண்டும். மழைக்காலத்து மாதிரியில் திறந்த தொட்டிகளில் மழைநீர் கலந்து எண்கள் இறங்கியிருக்கும், கோடை மாதிரியோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு கேனிலும் தேதி, நேரம், அன்று மழையா என்று எழுதி ஒட்டுங்கள்.

10. பெரிதாக்க வேண்டுமென்றால்

நிமிடத்துக்கு 5 மில்லி என்றால் நாளுக்கு 7.2 லிட்டர். நிலையங்களுக்கு வருவது நாளுக்கு லட்சக்கணக்கான லிட்டர். ரியாக்டர் முழுவதையும் பெரிதாக அச்சடிக்க நினைத்தால் காசும் நேரமும் கட்டாது, கசிவும் கூடும். உடலுக்கு 4 இஞ்ச் பிவிசி குழாய் போதும், அது இந்த அமிலத்தையும் நீர்த்த பெராக்சைடையும் தாங்கும், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். உள்ளே செருகும் கலக்கும் துண்டுகளை மட்டும் அச்சடியுங்கள். குழாயின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து, துண்டை ஒரு மி.மீ. குறைவாக அடியுங்கள். ஒவ்வொரு துண்டும் 10 செ.மீ. உயரம் இருந்தால், அடைத்துக்கொண்ட துண்டை மட்டும் உருவிக் கழுவிவிட்டுத் திரும்பச் செருகலாம். அடியில் சேறு இறக்க ஒரு பிளாஸ்டிக் பால் வால்வு வையுங்கள். குழாய் நீளத்தை மாற்றியதும் உப்புச் சோதனையை மறுபடி செய்துவிட்டுத்தான் கழிவுநீரைத் திறக்க வேண்டும்.